கைபேசிக்குப் பின்னால் – 14: ஆப்பசைத்த குரங்கு

நவி மும்பையின் தானே–பேலாப்பூர் சாலையில் ஐரோலி என்றால் முன்பெல்லாம் தொழிற்பேட்டைதான். ரசாயன ஆலைகளும் இன்ஜினியரிங் கம்பெனிகளும் வரிசை கட்டி நின்ற இடம். இப்போது அதே சாலையோரம் மைண்ட்ஸ்பேஸின் கண்ணாடிக் கட்டடங்கள். கேப்ஜெமினி, ஆக்சென்ச்சர், காக்னிசன்ட் என்று பெயர்ப் பலகைகள். காலையில் இங்கே வந்து இறங்கும் கூட்டத்தில் நம் தமிழர்கள் நிறைய. செம்பூர்க்காரர்கள் ஹார்பர் லைனில் வாஷி வந்து தானே வண்டிக்கு மாறுவார்கள். மாட்டுங்கா, தாராவிப் பிள்ளைகள் சென்ட்ரல் லைனில் தானே வரை போய் மாறுவார்கள். முன்பு தானேயிலிருந்து அடுத்த ஸ்டேஷனே ஐரோலி. 2024 ஜனவரியில் நடுவில் திகா காவ் வந்து, பயணத்தில் ஒரு நிறுத்தம் கூடிவிட்டது.

என்ன வேலை என்று கேட்டால் ‘ஆப் டெவலப்மென்ட்’ என்பார்கள். பெரும்பாலும் பேங்க், இன்ஷூரன்ஸ் ஆப்கள். ஆனால் நாளில் பாதி நேரம் அவர்கள் புதிதாக ஒன்றும் எழுதுவதில்லை. வேறு யாரோ எழுதி வைத்த ப்ளகின்களை மாட்டுகிறார்கள், கழற்றுகிறார்கள், ஏன் மாட்டவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

வெப் பக்கம் எழுதத் தெரிந்தவர்களே கைபேசி ஆப்பும் எழுதலாம் என்று 2008-இல் கிளம்பியது ஃபோன்கேப். அதை உருவாக்கிய நிடோபி என்ற கனடா நிறுவனத்தை 2011 அக்டோபரில் அடோபி வாங்கியது. நிரல் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போய், கார்டோவா என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. நிடோபியின் ஆபீஸ் இருந்த வான்கூவர் தெருவின் பெயர் அது. உள்ளே ஓடுவது வெப் பக்கம் என்பதால் அதற்குக் கேமராவும் தெரியாது, கோப்பும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ளகின் வேண்டும். அந்த ப்ளகினுக்கு இன்னொரு ப்ளகின் வேண்டியிருக்கும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெயர் வேண்டாம், ஐரோலியில் ஓர் அலுவலகம். பழைய கார்டோவா ஆப் ஒன்றைப் பராமரிக்கிறார்கள். வீடியோ பதிவு செய்யும் வசதி இனி வேண்டாம் என்று கிளையன்ட் சொல்ல, ஜூனியர் பையன் மீடியா கேப்சர் ப்ளகினைக் கழற்றிவிட்டான். பில்டு சுத்தமாக வந்தது. டெஸ்டிங்கில் பார்த்தால் ரசீதைப் போனில் சேமிக்கும் பொத்தான் செத்துக் கிடக்கிறது.

“அண்ணே, அந்த ஒரு ப்ளகினத்தாண்ணே எடுத்தேன். ஃபைல் பக்கம் நான் போகவே இல்ல.”

“ப்ளகின்ஸ் ஃபோல்டர்ல ஃபெட்ச் ஜேசன்னு ஒண்ணு இருக்கும். கிட்ல நேத்திக்கு இருந்தத எடு. ஃபைல் ப்ளகினுக்கு நேரே என்ன போட்டிருக்கு?”

“ஈஸ் டாப் லெவல்… ஃபால்ஸ்.”

“அதான். அத யாரும் கேட்டு மாட்டல. மீடியா கேப்சர் கூட்டிட்டு வந்தது. அது போகும்போது இதையும் கூட்டிட்டுப் போயிருச்சு.”

ரசீது சேமிக்கும் பகுதியை எழுதியவர், ஃபைல் ப்ளகின் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து, அது யார் தயவில் இருக்கிறது என்று பாராமல் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். பையன் ஆப்பை அசைத்ததும் வால் மாட்டிக்கொண்டது. ரசீதுப் பகுதியை எழுதிய அன்றே ஃபைல் ப்ளகினைத் தனியாக ஒருமுறை ‘ஆட்’ கொடுத்திருந்தால், ‘ஏற்கெனவே இருக்கிறது, டாப் லெவல் ஆக்குகிறேன்’ என்று கார்டோவா அந்தக் குறிப்பை மாற்றி எழுதியிருக்கும். பிறகு யார் போனாலும் அது போகாது.

கார்டோவா போன்ற ஒரு கருவியை வடிவமைக்கிறவர்கள் மாட்டுவதில்தான் முதலில் கவனம் வைப்பார்கள். டெமோவில் காட்டுவது அதைத்தானே. கழற்றும்போதுதான் வடிவமைப்பின் தரம் தெரிகிறது என்பது என் கட்சி. மாட்டும்போது நடந்த ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்தால்தான் ஒழுங்காகக் கழற்ற முடியும்: யார் கேட்டு வந்தது, யாருக்காக வந்தது, வந்தபோது எந்தெந்தக் கோப்பில் கை வைத்தது.

கார்டோவா இந்தக் கணக்கை எப்படி எழுதுகிறது என்று ஆண்ட்ராய்டு ஜேசன் என்ற கோப்பைத் திறந்து பார்த்தால் தெரியும். நேராக மாட்டியவை ஒரு பட்டியல், துணைக்கு வந்தவை இன்னொரு பட்டியல். அதற்கும் மேலே ‘கான்ஃபிக் மஞ்ச்’ என்று ஒரு பகுதி. இரண்டு ப்ளகின்கள் சேமிப்பிட அனுமதி கேட்கின்றன என்று வையுங்கள். ஆண்ட்ராய்டின் மேனிஃபெஸ்ட் கோப்பில் அந்த வரி ஒருமுறைதான் வரவேண்டும். ஒரு ப்ளகினைக் கழற்றும்போது வரியை அழித்துவிட்டால் மற்றது தவிக்கும். அதனால் வரிக்குப் பக்கத்தில் ‘கவுன்ட்’ என்று ஓர் எண். ஒவ்வொருவர் கேட்கும்போதும் ஒன்று கூடும், போகும்போது ஒன்று குறையும், பூஜ்யமானால்தான் வரி அழியும். எளிமையான ஏற்பாடு, வருடக்கணக்காக வேலை செய்கிறது.

ஆனால் கார்டோவா வரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது, பொருளைப் பார்ப்பதில்லை. ஒரு ப்ளகின் சும்மா சேமிப்பிட அனுமதி கேட்கிறது. இன்னொன்று அதே அனுமதியை ‘இந்த ஆண்ட்ராய்டு வரைக்கும் போதும்’ என்ற ஒட்டோடு கேட்கிறது. கருவியின் கண்ணுக்கு இவை வேறு வேறு வரிகள், இரண்டையும் எழுதிவிடும். ஒரே அனுமதி இரண்டு தடவை இருக்கிறது என்று, ஆண்ட்ராய்டு ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடில் பில்டை நிறுத்திவிடும். சில வருடங்களுக்கு முன் ஃபைல், கேமரா ப்ளகின்களைச் சேர்த்து வைத்திருந்த பலருக்கு இது நடந்தது.

மாட்டும் வேலை பாதி வழியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்றும் கார்டோவாக்காரர்கள் யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேலையையும், அதைத் திரும்ப எடுக்கும் வேலையோடு ஜோடியாக அடுக்கி வைக்கிறது கார்டோவா. ஐந்தாவதில் தடுக்கினால், முடிந்த நான்கையும் திரும்பக் கழற்றிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ப்ளகின் எழுதியவர் தன் சொந்த ஸ்கிரிப்ட்டை ‘ஹுக்’ என்று சொருகிவிட்டால் கதை முடிந்தது. அந்த ஸ்கிரிப்ட் எந்தக் கோப்பைத் தொட்டது என்று கருவிக்குத் தெரியாது, எனவே திரும்ப எடுக்கவும் தெரியாது. ஹுக் வைத்த ப்ளகின் என்றால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

ஐரோலிப் பையன் விஷயத்தில் கருவியின் மேல் தப்பில்லை. அது ‘துணைப் ப்ளகின் ஒன்றையும் கழற்றுகிறேன்’ என்று சொல்லத்தான் செய்தது. ஓடுகிற நூறு வரிகளுக்கு நடுவில் சொன்னது, கேட்கவில்லை. லினக்ஸில் டெபியன்காரர்களின் ‘ஆப்ட்’ இதில் நிதானமானது. ஒரு பொதியை நீக்கச் சொன்னால், துணைக்கு வந்தவற்றைத் தானாகத் தூக்கி எறியாது. ‘இவை இப்போது யாருக்கும் தேவையில்லை, வேண்டுமானால் ஆட்டோரிமூவ் கொடுங்கள்’ என்று பட்டியலைக் காட்டிவிட்டு நிற்கும். கைபேசிக் கருவிகளும் அப்படி நின்றால் எத்தனையோ வெள்ளிக்கிழமை ராத்திரிகள் மிச்சமாகும்.

அடுத்த தலைவலி பதிப்புச் சண்டை. ‘அ’வுக்கு ஒரு நூலகத்தின் ஒன்றாம் பதிப்பு வேண்டும், ‘ஆ’வுக்கு இரண்டாம் பதிப்பு. சர்வரில் ஓடும் நோட் நிரலில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்; அதன் பொதி மேலாளரான என்பிஎம் ஒவ்வொன்றையும் அவரவர் ஃபோல்டருக்குள் வைத்துவிடும். ஆண்ட்ராய்டு ஆப்பில் அது நடக்காது. ஒரே பெயரில் இரண்டு கிளாஸ் இருந்தால் ‘டூப்ளிகேட் கிளாஸ்’ என்று பில்டு விழுந்துவிடும். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

கிரேடில் பொதுவாக இருப்பதில் உயர்ந்த பதிப்பை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். பில்டு பாஸ் ஆகும். ஒன்றாம் பதிப்பை நம்பிய ‘அ’, ஆப் ஓடும்போது விழக்கூடும். ஃப்ளட்டர் ஆப்களில் வரும் ‘பப்’ முடியாது என்றால் முடியாது என்று நின்றுவிடும். அதற்குள் இருப்பது 2018-இல் நாட்டலி வைசன்பாம் எழுதிய பப்கிரப் என்ற முறை. அதன் சிறப்பு, ஏன் முடியாது என்பதைப் படிப்படியாகச் சொல்வது: ‘அ’வுக்கு நூலகத்தின் ஒன்றாம் பதிப்பு வேண்டும், ‘ஆ’வுக்கு இரண்டாம் பதிப்பு வேண்டும், ஆகவே இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது. படிக்கிறவனுக்கு எங்கே கைவைப்பது என்று தெரிந்துவிடும். ஸ்விஃப்டின் பொதி மேலாளரும் பைத்தானின் யூவியும் இதே முறையை எடுத்துக்கொண்டதற்கு அந்த விளக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ப்ளகின் எந்தக் கிடங்கிலிருந்து வருகிறது என்பது தனிக் கதை. கார்டோவா 2015-இல் தன் சொந்தக் கிடங்கை மூடி என்பிஎம்முக்கு மாறியபோது, ப்ளகின்களின் பெயரும் மாறியது. பழைய பெயரில் ஒன்று கேட்க, புதுப் பெயரில் இன்னொன்று கேட்க, ஒரே ஃபைல் ப்ளகின் இரண்டாக வந்து மோதிக்கொண்டது. 2021 பிப்ரவரியில் ஜேசென்டர் என்ற ஆண்ட்ராய்டு நூலகக் கிடங்கை மூடப்போவதாக அதை நடத்திய ஜேஃப்ராக் அறிவித்தபோது, பழைய ஆண்ட்ராய்டு புராஜெக்ட்களை வைத்திருந்தவர்கள் அலறிப் புடைத்துக்கொண்டு மாவென் சென்ட்ரலுக்கு ஓடினார்கள். ஐபோன் பக்கத்துக் கிடங்கான கோகோபாட்ஸ் 2026 டிசம்பரோடு புதிய பதிப்புகளை ஏற்பதை நிறுத்துகிறது.

இதெல்லாம் புரோகிராமர்களின் வீட்டுச் சண்டையாகவே இருந்திருக்கும், மும்பையில் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் உட்கார்ந்திருக்கும் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபி தலையிடாமல் இருந்திருந்தால். 2024 ஆகஸ்டில் வந்த அதன் சைபர் பாதுகாப்பு விதிகள், முக்கியமான மென்பொருள்களுக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்ற பட்டியலைக் கேட்கின்றன. எஸ்பாம் என்று ஆபீசில் சொல்வது அதைத்தான். அதே ஆண்டு அக்டோபரில் அந்தப் பட்டியலை எப்படித் தயாரிப்பது என்று அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வழிகாட்டி வெளியிட்டது. நேராக மாட்டியதை எழுதினால் மட்டும் போதாது. அது கூட்டி வந்ததையும், அது கூட்டி வந்தது கூட்டி வந்ததையும் எழுத வேண்டும். பதிப்பு எண்ணோடு.

பதிப்பு எண் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் லாக் கோப்பு வேண்டும். ‘நான்குக்கு மேலே எதுவானாலும் சரி’ என்று எழுதி வைத்த புராஜெக்ட்டை இன்று பில்டு செய்தால் ஒரு பட்டியல், மூன்று மாதம் கழித்துச் செய்தால் வேறு பட்டியல். ஆடிட்டரிடம் எதைக் காட்டுவது? என்பிஎம்மும் பப்பும் லாக் கோப்பைத் தாமே எழுதிவிடுகின்றன. கிரேடிலில் அதை நாமாக இயக்க வேண்டும். ஐரோலியில் நான் பார்த்த ஆண்ட்ராய்டு புராஜெக்ட்கள் பலவற்றில் இயக்கியிருக்கவில்லை.

கூகுளும் தன் பங்குக்கு விரட்டுகிறது. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-க்கும் அதற்கு மேலும் குறிவைத்து ப்ளே ஸ்டோருக்கு வரும் புதிய ஆப்களும் அப்டேட்களும், 16 கேபி மெமரி பக்கம் உள்ள போன்களில் ஓடியாக வேண்டும் என்பது விதி. ஜாவாவிலோ கோட்லினிலோ மட்டும் எழுதிய ஆப்புக்கு இதனால் தொந்தரவில்லை. சி, சி++ நிரலைக் கட்டி வைத்திருக்கும் டாட் எஸ்ஓ கோப்புகளுக்குத்தான் தொந்தரவு. அந்தக் கோப்பு நம் நிரலில் இருக்காது. எப்போதோ மாட்டிய ஸ்கேனர் ப்ளகினுக்குள், அது இழுத்துவந்த படச் செயலி நூலகத்துக்குள் இருக்கும். அதை எழுதியவர் நான்கு வருடமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டார். ‘இந்த எஸ்ஓவை யார் கொண்டுவந்தது?’ என்று லீட் கேட்கும்போது கிரேடிலில் ‘டிபென்டன்சீஸ்’ என்று கட்டளை கொடுத்தால், கிளை கிளையாக ஒரு மரம் திரையில் ஓடும். ஒரு சாதாரண பேங்க் ஆப்புக்கே பல நூறு வரிகள் வரும். அதில் தேடிக் கண்டுபிடித்து, அந்தக் கிளையை மட்டும் வெட்டி, புதுப் பதிப்பை ஒட்டி, மறுபடி பில்டு போட்டு ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும்போது யார் சாவியால் கையெழுத்துப் போடுவது, அந்தச் சாவி எந்த லேப்டாப்பில் கிடக்கிறது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)