நீங்க தூங்குங்க... டவுன்லோடை லினக்ஸ் பார்த்துக்கும்!

பகலில் வீட்டு வைஃபையில் ஆளுக்கொரு வீடியோ கால். நடுவில் 5 ஜிபி ஃபைலை இறக்கினால் எல்லோருக்கும் நெட் திணறும். லினக்ஸில் அந்த வேலையை நள்ளிரவுக்குத் தள்ளிவிடலாம். தனி ஆப் எதுவும் வேண்டாம்.

1970-களில் யூனிக்ஸில் பிறந்த ‘கிரான்’ உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கிறது. டெர்மினலில் ‘கிரான்டேப் -இ’ என ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வேலைப் பட்டியல் திறக்கும். ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. ‘30 1 * * *’ என்றால் தினமும் இரவு 1.30. அதையடுத்து ‘டபிள்யூகெட் -சி’, பிறகு ஃபைலின் இணைய முகவரி. அவ்வளவுதான். பாதியில் நெட் போனாலும், சர்வர் அனுமதித்தால், மறுநாள் இரவு விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வதுதான் அந்த ‘-சி’.

பலரும் கோட்டைவிடுவது வேறு இடத்தில். லேப்டாப்பை மூடிவைத்தால் பொதுவாக அது ஸ்லீப்புக்குப் போய்விடும். கிரானும் கூடவே தூங்கிவிடும். தவறவிட்ட 1.30 மணி வேலையைக் காலையில் எழுந்து செய்யாது. காலை மீட்டிங்குக்கு அந்த ஃபைல் வேண்டுமென்றால், சார்ஜரைச் செருகி, செட்டிங்ஸில் ஸ்லீப்பை ஆஃப் செய்துவிட்டுப் படுங்கள். ஸ்கிரீன் அணைந்தால் பரவாயில்லை. ஃபைல் முழுசா இறங்கியதும் பட்டியலில் அந்த வரியை அழிக்க மறக்காதீங்க.