பியானோவிற்குத் தந்தி பூட்டும் கருவிகள்

நரம்புக்கருவிகளின் குற்றங்களை ஆராய்தல் தமிழர்க்குப் புதிதன்று. சீவகன் தன்முன் வைக்கப்பட்ட யாழ்களின் குற்றங்களை எடுத்துக்காட்டி அவற்றை விலக்கிய செய்தியைச் சீவக சிந்தாமணியில் நாம் கற்றிருக்கின்றோம். அவ்வாராய்ச்சி பியானோவிற்கும் பொருந்தும். ஆயின், ஈண்டு ஆராயத்தக்கது மற்றொன்றும் உண்டு. அது தந்தியைப் பூட்ட உதவும் கருவியாம். தந்தி அறுந்தால் தந்தியையே பழிப்பது உலக வழக்கு. குற்றம் கருவியினிடத்தும் இருத்தல் கூடும் என்பதை இக்கட்டுரையில் விளக்குவாம்.

பியானோவை 1700-ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டுப் பிளாரென்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோபரி என்பார் இயற்றினார். அக்காலத்துத் தந்திகள் மெல்லியன. அவற்றின் இழுவிசையை மரச்சட்டமே தாங்கிற்று. 1825-இல் பாஸ்டன் நகரத்து ஆல்பியஸ் பாப்காக் வார்ப்பிரும்புச் சட்டத்திற்கு உரிமைப்பட்டயம் பெற்றார். இரும்புச் சட்டம் வந்தபின் தந்திகள் தடித்தன, இழுவிசையும் மிகுந்தது. இக்காலத்து 88 கட்டைப் பியானோவில் ஏறக்குறைய 230 தந்திகள் உள. அவற்றின் மொத்த இழுவிசை 15 முதல் 20 டன் வரையாகும். ஒவ்வொரு தந்தியும் ஓர் ஆளைத் தூக்கி நிற்பதொத்த இழுப்பில் உளது. ஆதலின், அதன்மேல் நகக்குறியளவு கீறல் விழினும் அவ்விடத்தே அறுதல் கூடும்.

தந்தியின் முனை ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் பருமனுள்ள எஃகு முளையிற் சுற்றப்படுகின்றது. அம்முளை பல அடுக்காக ஒட்டிய வன்மரப் பலகையில் இறுக நிற்கும். அதன் தலை நான்கு பட்டையாக இருக்கும். சற்றுக் கீழே கம்பி நுழையும் சிறு துளை உண்டு. முளையைக் கடந்து நான்கு விரலளவு கம்பியை மிகவிட்டு வெட்டி, முனையைத் துளையிற் செருகி, மூன்று சுற்றுச் சுற்றுவது முறை. சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கியிராவிடின் சுருதி நிலையாது.

அவற்றை நெருக்குதற்பொருட்டு, முளையைத் திருப்புங்கால், அடியினின்று மேலே தூக்கும் நெம்பி ஒன்றுண்டு. அதன் நுனி தடித்திருப்பின் முளைகளினிடையே நுழையாது. தேய்த்து மெலிதாக்கல் வேண்டும். பழைய திருப்புளியையே நெம்பியாக்கிக் கொள்வாரும் உளர். எதுவாயினும், சாணையில் தேய்க்குங்கால் அடிக்கடி நீரில் தோய்த்தல் வேண்டும். எஃகில் நீலநிறம் பாய்ந்ததாயின் சூட்டினாற் பதம் கெட்டதென்று அறிக. அந்நுனி எளிதில் மடங்கும். பின்னர்க் கம்பியைத் தொடும் விளிம்புகளை நுண்ணிய அரத்தால் மழுக்கி, உப்புத்தாளால் மெருகிடுதல் இன்றியமையாதது. இன்றேல் நெம்பியே உளியாகித் தந்தியைக் கீறும்.

முளையைத் திருப்பும் சாவியும் அளவறிந்து கொள்ளற்பாலது. அதன் வாய் பெரிதாயின் கீழிறங்கிச் சுற்றுகளை முட்டும்; சிறிதாயின் மேலேயே நின்று முளையை வளைக்கும். இதற்கு மருந்து, பொருத்தமான வாயை மாற்றிப் பூட்டுதலே. முளையின் தலையை அராவுதல் ஆகாது.

அறுந்த தந்தி தன் நோயைத் தானே கூறும். துளையருகே அறுந்ததாயின், குறடு கடித்த தழும்பையோ, வளைத்ததை நிமிர்த்து மீண்டும் வளைத்த குறியையோ தேடுக. சுற்றின் அடியில் அறுந்ததாயின், நெம்பியின் நுனியை ஆராய்க. அறாத தந்தி தனித்து ஒலிக்கும்பொழுதும் ஒலி அலையலையாய் ஏறி இறங்குமாயின், பூட்டுங்கால் கம்பியில் முறுக்கேறியிருத்தல் கூடும். முறுக்கை நரம்பின் குற்றங்களுள் ஒன்றாகவே நம் பண்டை இசைநூலாரும் வைத்தனர். ஆயின், செப்புக்கம்பி சுற்றிய மந்தத் தந்திகட்கு, அச்செப்பு தளராதிருத்தற்பொருட்டு, அது சுற்றிய திசையிலேயே ஒரு முறுக்குக் கொடுத்துப் பூட்டுவர். ஓரிடத்துக் குற்றம் மற்றோரிடத்துக் குணமாதல் காண்க.

புதுத்தந்தி சில வாரங்கள் நீண்டு நெகிழ்வது இயல்பு, அது குற்றமன்று. பலமுறை சுருதி கூட்டின் நிலைபெறும். ஆனால் இறுகிய தந்தி அறுந்து துள்ளுங்கால் சாட்டைபோல் வீசுமாதலின், கண்ணிற்குக் கண்ணாடி அணிதல் வேண்டும். கருவியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தற்கு ஒரு நொடி போதும். அந்நொடியைப் பேணாதார்க்கு ஒரு தந்தியும், ஒருகால் ஒரு கண்ணும் விலையாகும்.