சனி பார்த்தவர்களும் பந்து பார்த்தவரும்

பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில், அலை அரித்தது போக மிஞ்சிய மணலில், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பந்தடிப்பதைப் பார்த்து நின்றோம். இரண்டு செருப்பைப் போட்டால் அதுதான் கோல் கம்பம்! வலை அவர்கள் வீட்டில் உண்டு, ஆனால் அது மீனுக்கு. காலில் வேகம், கண்ணில் கூர்மை, குறையே இல்லை. பார்த்துத் திருத்தத்தான் ஆளில்லை. அப்போது நம் நினைவுக்கு வந்தவர் ஆஷ்லி வெஸ்ட்வுட்.

யார் இவர்? சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளையா? இல்லை, தோழர்களே! இங்கிலாந்திலே பிரிட்ஜ்நார்த் என்ற சிற்றூரில் 1976-ல் பிறந்தவர். மான்செஸ்டர் யுனைடெட் இளைஞர் அணியில் வளர்ந்தும், பெரிய அணியில் இடம் கிட்டாதவர். கதவு அடைபட்டது, கால் ஓயவில்லை. குரூ, பிராட்போர்டு, ஷெஃபீல்டு, நார்தாம்ப்டன் என்று ஊர் ஊராகத் தடுப்பாட்டக்காரராக உழைத்தார். பிராட்போர்டு நம் கோவையைப் போல் ஆலைகளால் வளர்ந்த ஊர். அவ்வூர் அணி 1999-ல் பிரிமியர் லீகுக்கு உயர்ந்தபோது இவரும் அதில் இருந்தார். ஓர் ஆலை மூடினால் இன்னோர் ஆலை வாசலில் நிற்கும் நம் தோழனுக்கு இந்த வாழ்க்கை விளங்கும்.

2013-ல், பெங்களூரில் புதிதாய்ப் பிறந்த கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்தார். 2014-ல் ஐ-லீக் கோப்பை! 2015-ல் பெடரேஷன் கோப்பை! 2016-ல் மீண்டும் ஐ-லீக்! மந்திரமா? மாயமா? உடல் உரம், உணவில் கட்டுப்பாடு, ஒழுங்கான பயிற்சி — வேறொன்றுமில்லை. அந்த ஆண்டே விடைபெற்றார். பிறகு கொல்கத்தா, பஞ்சாப் கழகங்களிலும் சில காலம் இருந்தார். இந்திய அணிப் பொறுப்பு மட்டும் இவர் கைக்கு வரவே இல்லை.

நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பு என்ன செய்தது தெரியுமா? 2022-ல், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றையொட்டி, அணிக்கு ஊக்கமூட்டவென்று ஒரு நிறுவனத்துக்கு 16 லட்சம் ரூபாய்! அது சோதிட நிறுவனம் என்று அப்போதே செய்தி வந்தது. ஆட்டக்காரர் பட்டியலே ஒரு சோதிடரின் பார்வைக்குப் போனதை 2023-ல் ஏடுகள் அம்பலப்படுத்தின. சனி எந்த வீட்டில் என்று பார்த்தார்கள். பந்து யார் காலில் என்று பார்த்தார்களா? "அந்தச் சுற்றில் ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்றோமே" என்பர் சிலர். வென்றோம். கோல் போட்டது சேத்ரியின் காலும் சகலின் காலும், குரு பகவானல்ல!

2023-ல் அதே ஆப்கானிஸ்தானுக்குப் பயிற்சியாளரானார் வெஸ்ட்வுட். முன்னணி ஆட்டக்காரர் பலர் விலகி நின்ற அணி. 2024 மார்ச் 26, கௌகாத்தி. சேத்ரிக்கு அது 150-ஆவது பன்னாட்டு ஆட்டம்; முதல் கோலும் அவருடையதே. முடிவு? 2-1, இம்முறை ஆப்கானுக்கு! எந்தச் சேத்ரியின் தலைமையில் பெங்களூரில் கோப்பை வாங்கினாரோ, அந்தச் சேத்ரியின் அணியையே சாய்த்தார். அடுத்து ஹாங்காங் சென்றார். 2025 ஜூன் 10-ல் அங்கும் நாம் 1-0 என்று தோற்றோம்.

வெள்ளைக்காரர் வந்தால்தான் விளங்குமா என்று கேட்பீர்கள். யார் சொன்னது? ஐதராபாத்துப் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம் 1951-லும் 1962-லும் ஆசியத் தங்கம் வாங்கித் தந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணியை நான்காம் இடத்துக்குக் கொண்டுபோனவர். கரும்பலகை அறிந்த கை அது. சோழி உருட்டிய கையல்ல. 1963-ல் அவர் மறைந்தார்.

பதினாறு லட்சத்துக்கு எத்தனை பந்து வாங்கலாம் என்று அந்த மணலில் நின்ற ஒரு பையனைக் கணக்குப் போடச் சொன்னோம். அவன் நம் முகத்தைப் பார்த்தான். "எங்களுக்கு ஒண்ணு போதும்ணே" என்று சொல்லிவிட்டு, அலையில் விழுந்த பந்தை எடுக்க ஓடினான்.