ரகசிய வானொலியும் எரவாடாச் சிறையும்

புனே நகரில் ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் குடியிருக்கும் நாம், எரவாடாச் சிறையின் மதிலைப் பன்முறை கடந்திருப்போம். காந்தியடிகள் அங்குச் சிறையிருந்ததை யாவரும் அறிவர். உரிமமின்றி வானொலி நடத்தியதற்காக ஒரு பெண்மணி அங்கு அடைபட்டிருந்த செய்தியை அறிந்தவர் சிலரே.

அவர் உஷா மேத்தா. 1942 ஆகஸ்டில் தலைவர்கள் கைதாயினர். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது. 22 வயது மாணவியான அவரும் தோழர்களும் பம்பாயில் 'காங்கிரஸ் வானொலி'யைத் தொடங்கினர். இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து, 42.34 மீட்டரில் பேசுவதாக அறிவித்தனர். தணிக்கை மறைத்த செய்திகள் மக்களை எட்டின.

சர்க்காரிடம் சட்டம் ஆயத்தமாகவே இருந்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் இத்துறையைச் சர்க்காரின் தனியுரிமையாக்கியது. 1933ஆம் ஆண்டுச் சட்டமோ, உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது.

ஆனால் நிலையம் இருக்குமிடத்தை எவ்வாறு அறிவது? வளைய வடிவமான ஏரியலை மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் ஒலி மிகவும் மங்கும். அதைக் கொண்டு அலை வரும் திசையை அறியலாம். இரண்டு இடங்களிலிருந்து இவ்வாறு அறிந்து, நகரப் படத்தில் கோடு கிழித்தால், அவை வெட்டுமிடத்தில் நிலையம் இருக்கும். பேசாவிடில் வானொலியால் பயனில்லை. பேசப் பேச அகப்படும் அபாயமும் வளர்கிறது. ஆகவே கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறினார்கள்.

இறுதியில் அவர்களை வீழ்த்தியது ஏரியல் அன்று. கருவியமைத்த தொழில்நுட்பாளரே போலீசாரிடம் சிக்கி, இடத்தைக் காட்டிக்கொடுத்தார். 1942 நவம்பர் 12 அன்று, ஒலிபரப்பு நடக்கும்போதே கைது செய்தார்கள். நான்காண்டுத் தண்டனை பெற்ற உஷா மேத்தா, 1946இல் விடுதலையானார்.

சுதந்திர இந்தியாவிலும் உரிமம் வேண்டுமென்ற விதி நீடிக்கிறது. கட்டுப்பாடற்ற அலைகள் விமானப் போக்குவரத்துக்கு இடையூறாகலாம் என்பது நியாயமான காரணமே. எனினும் 2006இல் பீகாரின் மன்சூர்பூரில், பழுதுபார்க்கும் கடையொன்றிலிருந்து சொற்பச் செலவில் நடந்த நிலையத்தை அதிகாரிகள் மூடியபோது, கிராமத்தார் வருந்தியதிலும் நியாயம் உண்டென்றே நமக்குத் தோன்றுகிறது.

வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் உரிமத்துடன் வளாக வானொலி தொடங்கிற்று. புனேப் பல்கலைக்கழகத்தின் 'வித்யாவாணி'யும் அவ்வழியில் வந்ததே. பாட்டும் பாடமும் உழவர் உரையும் இத்தகைய நிலையங்கள் தரலாம். தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப மட்டும் அனுமதியில்லை.