உக்கிராணச் சாவி யார் கையில்?

கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணச் சமையற்கட்டு. ஐந்நூறு இலைக்கு இருநூறு தேங்காய் வேண்டும். சமையல்காரர் வெளியூர்க்காரர், தேங்காய் வியாபாரியை அவர் முன்பின் பார்த்ததில்லை. “பணத்தைக் கொடுங்க, இறக்கறேன்” என்கிறார் வியாபாரி. “இறக்குங்க, உடைச்சுப் பார்த்துத் தர்றேன்” என்கிறார் சமையல்காரர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பணம், சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரரிடம் போகிறது. அது அவர் பெட்டிக்குள் போனதைக் கண்ட பிறகு வியாபாரி மூட்டையை இறக்குகிறார். சமையல்காரர் ஒரு காயை உடைத்து, முகர்ந்து, பருப்பைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து “சரி” என்கிறார். உக்கிராணக்காரர் தன் கூலியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை வியாபாரியிடம் தருகிறார். காய் அழுகல் என்றால் பஞ்சாயத்தும் அவரே. எஸ்க்ரோ என்பது இவ்வளவுதான்.

இதில் தவறு ஏதுமில்லை. நாம் ஆன்லைனில் கட்டும் பணத்தைக் கடைக்காரருக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனங்கள், அதை வங்கியின் எஸ்க்ரோ கணக்கில்தான் வைக்க வேண்டும் என்று 2020-இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. அந்த உக்கிராணக்காரருக்கு முகவரி உண்டு, மேலே கேள்வி கேட்க ஆள் உண்டு.

2011-இல் தொடங்கிய ‘சில்க் ரோடு’ போல இணையத்தில் ஒளிந்து நடந்த இருட்டுச் சந்தைகளும் இதே ஏற்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டன. வாங்குபவர், விற்பவர், உக்கிராணக்காரர் மூவருக்கும் அங்கே முகம் கிடையாது. பணம் பிட்காயினாகக் கைமாறியது.

பிட்காயினைச் சமையற்கட்டுச் சுவரில் தொங்கும் கணக்கு நோட்டு என்று வையுங்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதியதை அழிக்க முடியாது. பெயருக்குப் பதில் ஒரு குறி மட்டும் இருக்கும். ஆனால் ஒரு குறி இன்னாருடையது என்று தெரிந்துவிட்டால், பழைய பக்கமெல்லாம் பேசத் தொடங்கும். அந்தக் காசை ரூபாயாக்கப் போகும் இடத்தில் பெரும்பாலும் பெயர் தெரிந்துவிடும். இந்தியாவில் 2023 மார்ச் முதல் கிரிப்டோ பரிமாற்ற நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வாடிக்கையாளர் யாரென்று அவை தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உக்கிராணக்காரரே பெட்டியோடு ஓடினால்? 2015 மார்ச்சில் ‘எவல்யூஷன்’ சந்தையை நடத்தியவர்கள் சுமார் 1.2 கோடி டாலர் மதிப்புள்ள பிட்காயினோடு மறைந்தார்கள். இதைத் தடுக்க, பெட்டிக்கு மூன்று சாவி செய்து ஆளுக்கொன்று கொடுக்கும் முறை உண்டு. எந்த இரண்டு சாவி சேர்ந்தாலும் பெட்டி திறக்கும். உக்கிராணக்காரர் தனியாக ஓட முடியாது. ஆனால் அவரும் வியாபாரியும் கைகோத்தால் சமையல்காரர் கதி அதோகதிதான். உக்கிராணக்காரர் ஆள் மாறினாலும் தெரியாது. 2017-இல் ‘ஹன்சா’ சந்தையை டச்சுப் போலீஸ் கைப்பற்றி, சுமார் ஒரு மாதம் அவர்களே நடத்தினார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பது போலீஸ் என்று வந்துபோனவர்களுக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 2025 ஜூலைத் தொடக்கத்தில், இடுக்கியை ஒட்டிய மூவாற்றுப்புழாவில் ‘கெட்டமெலன்’ என்ற பெயரில் இருட்டுச் சந்தையில் நடந்த போதை வியாபாரத்தைப் பிடித்ததாகப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு அறிவித்தது. சிக்கியவை 1,127 எல்.எஸ்.டி. தாள்கள், 131.66 கிராம் கெட்டமைன், சுமார் 70 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ. முதலில் மாட்டியவை தபாலில் வந்த பார்சல்கள். காசுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும், சரக்கு சாலை வழியாகத்தானே வர வேண்டும்? எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எஸ்க்ரோ நம்பிக்கையை உண்டாக்குவதில்லை. இருவர் மேல் வைக்க வேண்டிய நம்பிக்கையை மூன்றாவது ஆள் மேல் ஏற்றிவைக்கிறது. அந்த ஆளுக்கு முகம் இல்லையென்றால், ஏமாந்தவர் எந்த நுகர்வோர் மன்றத்திலும் வாய் திறக்க முடியாது. உங்கள் வீட்டுப் பிள்ளை “இருட்டுச் சந்தையில எஸ்க்ரோ இருக்கு, பயமில்லை” என்று சொன்னால், திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, உக்கிராணச் சாவி யார் கையில் என்று கேளுங்கள்.