நிறுத்தத் தெரிந்த கை

பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் போகும் சாலையோரம் ஒரு காலி மனை. சாயங்காலமானால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அங்கே கம்பு சுற்றுவார்கள். கண்ணில் படும் முன்பே காதில் விழுந்துவிடும். லாரி இரைச்சலுக்கு நடுவிலும் ‘உய்ங்... உய்ங்...’ என்று ஒரு சத்தம். வாத்தியார் சில நேரம் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிப்பார். திரும்பாமலே, “யார்றா அது, கை தளருது?” என்பார். நான் பார்த்தவரை தப்பாகச் சொன்னதில்லை.

மந்திரம் ஒன்றுமில்லை, காற்றின் வேலைதான். ஒரு தடி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, அதன் முதுகுப் பக்கம் காற்று சுழிசுழியாக உடைகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று, மாறி மாறி. வெள்ளம் போகும் ஆற்றில் பாலத்துத் தூணுக்குப் பின்னால் பார்த்திருப்பீர்களே, அதேதான். ஒவ்வொரு சுழியும் கழன்றுபோகும்போது சுற்றியிருக்கும் காற்றை ஒரு தள்ளுத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்கள் சேர்ந்ததுதான் நாம் கேட்கும் ஒலி. ஆடிக் காற்றில் மின்கம்பி ஊளையிடுவதும் இதனால்தான். 1878-இல் செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் கம்பிகளைக் காற்றில் சுழற்றிச் சுழற்றிக் கேட்டு இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். வேகத்தைத் தடிமனால் வகுத்து, ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது வந்துவிடும்.

போட்டுப் பார்ப்போம். நெற்றி உயரக் கம்பு, 165 செ.மீ. தடிமன் இரண்டரை செ.மீ. நடுவில் பிடித்து விநாடிக்கு 3 சுற்று. கம்பின் நுனி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. மாலை ஆறு மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் எந்தப் பேருந்தும் கனவில்கூடக் காணாத வேகம். ஒலி, விநாடிக்குச் சுமார் 125 அதிர்வு, ஓர் ஆண்குரலின் கீழ்ச்சுருதி. கைக்குக் கிட்டே இருக்கும் பகுதி மெதுவாகப் போவதால் அங்கே சுருதி இன்னும் இறங்கும். எல்லாம் கலந்து வருவதால்தான் அது தனி ஸ்வரமாக இல்லாமல் ‘உய்ங்’ ஆகிறது.

வாத்தியாரின் ரகசியம் அடுத்த கணக்கில் இருக்கிறது. இந்த ஒலியின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறி இறங்கும். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் போதும், ஒலியின் ஆற்றல் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். கண்ணுக்குப் பிடிபடாத தளர்ச்சி காதுக்குப் பளிச்சென்று தெரியும். சிலம்புதல் என்றால் ஒலித்தல். அதிலிருந்துதான் இந்தக் கம்பு வித்தைக்குச் சிலம்பம் என்ற பெயரே வந்தது என்பார்கள். சிலம்பு என்பதற்கு மலை என்றும் பொருள் உண்டு, அதைப் பிடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் காதுதான் சாட்சி.

பாடம் ஆரம்பிக்கும் முன் பிள்ளைகள் கம்பைத் தரையில் வைத்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். உடம்பைப் பழக்குவதையும் சாமி கும்பிடுவதையும் இங்கே யாரும் இரண்டாகப் பிரித்ததில்லை. இதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் குன்றத்தூரில் பிறந்து, சோழ அமைச்சராக இருந்து பெரிய புராணம் பாடிய சேக்கிழார், வாள் வித்தை வாத்தியார் ஒருவரையும் நாயன்மார் வரிசையில் காட்டுகிறார். அவர் ஏனாதிநாதர். வாட்பயிற்சி சொல்லிக்கொடுத்து வந்த வருமானத்தை அடியாருக்குச் செலவழித்தவர். போட்டிக்காரன் அதிசூரன் நேர்ச்சண்டையில் தோற்று ஓடினான். பிறகு தனியாக மோதலாம் என்று கூப்பிட்டுவிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்தான். வெட்டு விழப்போகும் நேரத்தில் கேடயத்தை விலக்கினான். நீற்றைப் பார்த்ததும் ஏனாதிநாதர் கை நின்றுவிட்டது. ஆனால் வாளைக் கீழே போடவில்லை. ஆயுதமில்லாதவனைக் கொன்ற பழி இவனுக்கு வரக்கூடாதே என்று, சண்டை போடுபவர்போலவே நின்று உயிரைக் கொடுத்தார்.

ஓடும் ஆயுதத்தை நிறுத்துவது அப்படி லேசான காரியமா? அறுநூறு கிராம் கம்பு மேலே சொன்ன வேகத்தில் சுற்றும்போது அதில் சுமார் 24 ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ எடையை இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். அத்தனையையும் தோளும் முன்கையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது தசை சுருங்கி வேலை செய்வதில்லை, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. சுருங்கும்போது தருவதைவிட அதிக விசையை அது அப்படித்தான் தர முடியும். இரண்டு நாள் உடம்பு முறித்துப் போட்டதுபோல வலிப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

மூளையின் பாடு இதைவிடப் பெரிது. கிளம்பிவிட்ட ஓர் அசைவை ‘வேண்டாம்’ என்று ரத்து செய்ய மூளைக்கு ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதற்குள் கம்பு அரைச் சுற்றுக்கு மேல் போயிருக்கும், அடி விழுந்திருக்கும். ஆக, பார்த்து நிறுத்துவது நடக்காத காரியம். அடுத்து என்ன நடக்கும் என்று சிறுமூளை முன்கூட்டியே கணித்து வைத்திருந்தால்தான் முடியும். ஒரே வீச்சை ஆயிரம் தடவை செய்யவைப்பது அந்தக் கணிப்புக்காகத்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் சில வாரங்களில் கூடுகிற வலுவிலும் பெரும்பங்கு நரம்பில் வந்ததே. தசை மெதுவாகத்தான் பெருக்கும்.

உடம்பைப் பழக்குவதையும் சாமி கும்பிடுவதையும் பிரிக்காத கதை கடல் கடந்தும் உண்டு. 1972-இல் ஐஸ்லாந்தில் ஆசாத்ரு என்ற பெயரில் பழைய நார்டிக் தெய்வ வழிபாட்டுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் அந்த நெறியில் இருப்பவர்களில் சிலர், உடலை உரமாக வைத்துக்கொள்வதையும் தற்காப்பையும் வழிபாட்டின் பகுதியாகவே கருதுகிறார்கள். அந்தத் தெய்வங்களின் கதைகளைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஸ்னோரி என்பவரும் சேக்கிழாரைப்போல அரசியல் பதவி வகித்தவர்தான். அவர் சொல்லும் ஒரு கதையில், இடியின் தெய்வமான தோர் ஒரு கிழவியோடு மல்யுத்தம் செய்து, ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிவிடுகிறான். அப்புறம்தான் தெரிகிறது, அந்தக் கிழவி பெயர் எல்லி. எல்லி என்றால் முதுமை. உடற்கூறும் அதைத்தான் சொல்கிறது: வயதானால் முதலில் மெலிவது வேகத்துக்கான தசைநார்கள்.

இருட்டிவிட்டது. கடைசிச் சுற்றில் ஒரு சிறுமி, எதிரே நின்ற அண்ணன் காதோரம் கம்பை வீசி, இரண்டு விரற்கடை முன்னால் நிறுத்தினாள். சத்தம் பட்டென்று அறுந்தது. வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.