இன்பத்தை அளக்கும் கொத்து



நெல்லை அளக்கக் கொத்து உண்டு, புசல் உண்டு. நிலத்தை அளக்கப் பரப்பும் ஏக்கரும் உண்டு. ஒரு மனிதன் அடையும் இன்பத்தை எந்தக் கொத்தால் அளப்பது? இக்கேள்வியை விளையாட்டாக அன்றி, முழு மனத்தோடு கேட்டவர் ஒருவர் இருந்தார். 1748ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த ஜெரமி பெந்தம் என்னும் சட்ட அறிஞரே அவர். ஒரு செயல் நன்றோ தீதோ என்பதை, அச்செயலால் உலகில் விளையும் இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்றார் அவர். இதனையே பயன்பாட்டுக் கொள்கை என்கிறோம்.

1789இல் வெளியான தம் நூலிலே, இன்பதுன்பங்களை அளப்பதற்கு ஏழு கூறுகளை அவர் வகுத்தார். அது எவ்வளவு வன்மையானது, எவ்வளவு காலம் நீடிப்பது, எவ்வளவு உறுதியாக வரக்கூடியது, எவ்வளவு அண்மையிலுள்ளது, தன்னைப்போன்ற பிறவற்றை ஈனுமா, தனக்கு எதிரானதன் கலப்பு இல்லாததா, எத்தனை பேரைச் சென்றடைவது என்பன அவை. மாலையிற் கள் அருந்துபவனுடைய இன்பம் அண்மையது, உறுதியானது. ஆனால் மறுநாட் காலைத் தலைவலியும் வீட்டுச் சச்சரவும் அதனோடு கலந்தே வருகின்றன. வெயிலில் வரம்பு கட்டுபவனுடைய துன்பமோ பின்னர் பல இன்பங்களை ஈனுவது. இவ்வளவில் இக்கணக்கு நம் பாட்டிமார் சொல்லும் புத்திமதிக்கு அப்பால் எதையும் சொல்லவில்லை எனலாம்.

அதன் புதுமை வேறிடத்தில் இருக்கிறது. இக்கணக்கிலே அரசனுடைய வலியும் கூலியாளுடைய வலியும், அளவு ஒன்றாயின், நிறையும் ஒன்றே. சாதியும் குலமும் தராசிலே ஏறுவதில்லை. அக்காலத்தில் இஃது எளிய வார்த்தையன்று.

பெந்தமின் சீடர்களுள் ஒருவரான சார்ள்ஸ் ஹே கமரூன் 1830இல் இலங்கைக்கே வந்தார். நம் சரித்திரப் பாடத்தில் வரும் கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவின் கமரூன் அவர்தாம். (தம் முதுமையில் மீண்டும் இங்கு வந்து 1880இல் இம்மண்ணிலேயே மறைந்தார். அவரும், புகைப்படக் கலையிற் பெயர்பெற்ற அவர் மனைவியாரும் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.) ஆணைக்குழுவின் விசாரணையையொட்டி 1832இல், கூலியின்றி மக்களை வேலை வாங்கிய இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. அதனால் நீங்கிய துன்பம் பெரிது. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் கணக்கில் ஒரு புள்ளி விடுபட்டது. குளக்கட்டுகளைப் பேணும் வேலையும் பல இடங்களில் அம்முறையோடு பிணைந்தே கிடந்தது. கட்டாயம் போனபோது, அவ்வேலையைச் செய்விக்க வேறோர் ஏற்பாடு முன்வைக்கப்படவில்லை. வன்னிக் குளங்களிற் பல அதற்கு வெகு முன்னரே போராலும் நோயாலும் பாழடைந்திருந்தன என்பது உண்மையே. எல்லாப் பழியையும் கமரூன் தலையிற் சுமத்துதல் நீதியாகாது. ஆனால் பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு உயிரூட்ட 1856இல் அரசு தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது என்பதே, விடுபட்டது சிறிய புள்ளியன்று என்பதைக் காட்டும்.

ஒருவர் தம் துன்பத்தைத் தாமே சரியாக அளப்பாரா என்பதும் ஐயத்துக்குரியது. டானியல் கானெமன் என்னும் உளவியலாளரும் டொனால்ட் ரெடல்மையர் என்னும் வைத்தியரும் 1996இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, குடற் பரிசோதனைக்கு உட்பட்ட நோயாளர் நிமிடந்தோறும் தம் வலியைக் குறித்துவந்தனர். பின்னர் நினைவிற் பெரிதும் நின்றது உச்ச வலியும் இறுதி நேர வலியுமே. எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. தன் வலிக்கே மனிதன் சரியான கொத்துப் பிடிக்கவில்லையென்றால், அயலான் வலியைத் தன் வலியோடு எவ்வாறு கூட்டுவது?

இனி நம் வாசலுக்கே வருவோம். கனகராயன் ஆற்றை மறித்து, 1902இல் தொடங்கிக் கட்டப்பட்டது இரணைமடுக் குளம். யாழ்ப்பாணத்தின் நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைப்பதற்காக 1930களில் மக்கள் கிளிநொச்சியிற் குடியேற்றப்பட்டனர். ஆகவே குளத்து நீரை உண்ணும் வயற்காரரும் குடாநாட்டாரும் பெரும்பாலும் கொண்டும் கொடுத்தும் வாழும் உறவினரே.

குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. சுண்ணக் கல்லினூடே தேங்கும் நிலத்தடி நீரே வாழ்வு. அந்நீரில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று மிகுந்துவிட்டது. எனவே இரணைமடுவிலிருந்து குடிநீர் கொண்டுசெல்லும் திட்டமொன்றுக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்க இசைந்தது. குளத்துக்கட்டும் உயர்த்தப்படவிருந்தது. பெந்தமிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் விடை கூறியிருப்பார்: ஒருபுறம் இலட்சக்கணக்கானோரின் தாகம், மறுபுறம் சில ஆயிரம் குடும்பங்களின் வயல்.

ஆனால் கிளிநொச்சி விவசாயிகள் இசையவில்லை. அவர்களைத் தன்னலக்காரர் என்று பேசியவர்களும் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அவர்கள் பெந்தமின் ஏழு கூறுகளில் மூன்றாவதையே பற்றி நின்றார்கள். குளம் ஆண்டுதோறும் நிரம்புவதில்லை. நிரம்பாத ஆண்டிலே குழாய்க்கு முதலிடமா, வாய்க்காலுக்கு முதலிடமா? குடிநீருக்கே முதலிடம் என்றுதான் எந்த அரசும் சொல்லும். அப்போது இழப்பு முழுவதும் சிறுபோகக்காரன் ஒருவன் தலையிலேயே விழும். நன்மை ஓரூரிலும் நட்டம் வேறோரூரிலும் இறங்கினால், கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாயினும் நட்டப்பட்டவனுக்கு அதிலே பங்கில்லை.

நீர் குறைந்த சிறுபோகத்தில் விவசாயிகள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாட்டை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போகத் தொடக்கக் கூட்டத்திலே, இருக்கும் நீருக்கேற்பப் பயிரிடும் ஏக்கர் குறைக்கப்படுகிறது. குறைந்த நிலம் பங்காகப் பிரிக்கப்படுகிறது. அதிலும் பூசலுண்டு, பக்கச்சார்பு பற்றிய முறைப்பாடுமுண்டு. கூட்டங்கள் அமைதியாக முடிவதாக எவரும் எண்ணவேண்டாம். ஆனாலும் அங்கே முதலில் எழும் கேள்வி, மொத்த விளைச்சல் எவ்வளவு என்பதன்று. எவன் வெறுங்கையோடு போகிறான் என்பதே.

2013இல் அமைந்த வட மாகாண சபையிலும் இரணைமடு நீர் பெரும் விவாதமாயிற்று. கடைசியில் வழி கடலிலே திறந்தது. வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. குளத்து நீரைச் சுத்திகரிப்பதிலும் கடல்நீரைக் குடிநீராக்குவதற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். தொகை மட்டுமே பார்ப்பவருக்கு இது நட்டக் கணக்கு. ஆனால் அந்நட்டம் ஒரு வாய்க்காலின் கடைசி வயற்காரனிடம் போய் நிற்காமல், நாடு முழுவதும் உள்ளோர் மீது சிறு சிறு துளியாக விழுகிறது. செல்வனிடம் எடுக்கும் ஒரு ரூபாவும் ஏழையிடம் எடுக்கும் ஒரு ரூபாவும் ஒரே துன்பத்தைத் தருவதில்லை என்று எழுதியவர் பெந்தமே. அந்தப் பக்கத்தை அவருடைய சீடர்கள் இன்னும் சற்று நிதானமாகப் படித்திருக்கலாம்.